பேஸ் கிட்டாருக்குக் கம்ப்ரஸர் பெடல்: எதை வாங்கலாம்?

டிக்கோயா நாலுகம்பி:

எல்லோருக்கும் வணக்கம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், சனி ஞாயிறுகளில் பேஸ். எங்கள் பேண்டில் ஏழு பேர்: கீபோர்ட், ஒக்டபேட் (மின் டிரம்), தபேலா, லீட் கிட்டார், பாடுவதற்கு ஒரு அண்ணனும் ஒரு தங்கச்சியும், அப்புறம் நான். கோயில் திருவிழா, கலியாணம், சடங்கு வீடு என்று கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போகிறோம்.

மூன்று வாரத்துக்கு முன் மஸ்கெலியாப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. முதல் இரண்டு பக்திப் பாட்டும் மெதுவானவை, விரலால் வாசித்தேன். அடுத்து வேகமான பைலா. கட்டைவிரலால் அடித்து வாசிக்கத் தொடங்கியதும் ஸ்பீக்கர் பெட்டி உதறியது. சவுண்ட் அண்ணன் ஓடிப்போய் மிக்சரில் என் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கினார். பைலா முடிந்து மெலடிக்கு வந்தபோது அதை ஏற்ற அவருக்கு நினைவில்லை. நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. இடைவேளையில் வந்து சொன்னார்: “தம்பி, ஒரு பாட்டில் ஸ்பீக்கரைக் கிழிக்கிறீர்கள், அடுத்த பாட்டில் ஆளையே காணவில்லை. ஒரு கம்ப்ரஸர் வாங்கிப் போடுங்கள்.” சத்தத்தைச் சமப்படுத்தும் பெடலைத்தான் சொன்னார்.

விரலால் வாசிக்கும்போதும் சத்தம் சமமாக வருவதில்லை. திறந்த ஏ கம்பியும் அதன் இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டும் துள்ளிக்கொண்டு வருகின்றன. ஜி கம்பியில் மேலே ஏறினால் மெலிந்துபோகிறது. கிட்டார் ஜாஸ் பேஸ் மாதிரி, இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கட்டை), உள்ளே பேட்டரி இல்லாத வகை. நாலு வருடத்துக்கு முன் பழையதாக வாங்கினேன்.

லீட் வாசிக்கும் நண்பனின் இரண்டு நாப் (திருகும் குமிழ்) கம்ப்ரஸரை ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சத்தம் சமமானது, ஆனால் அடியில் இருந்த கனம் போய்விட்டது. வாசிக்காமல் நிற்கும்போது ‘உஸ்’ என்று ஒரு இரைச்சல் வேறு.

சேர்த்து வைத்திருப்பது 40,000 ரூபா. அதற்கு மேல் என்றால் தைப்பொங்கல் வரை பொறுக்க வேண்டும். கண்டியில் ஒருவர் பாவித்த எல்எம்பி-3 பெடல் ஒன்றை விற்கிறார், பாஸ் என்ற கம்பனியுடையது. பாஸ் பிசி-1எக்ஸ், எம்எக்ஸ்ஆர் எம்87 இரண்டும் நல்லவை என்று கேள்விப்பட்டேன். பல எஃபெக்ட் சேர்ந்த ஜூம் பி1 ஃபோர் வாங்கினால் உள்ளேயே கம்ப்ரஸர் இருக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். எங்கள் நிகழ்ச்சிகள் பாதி ஜெனரேட்டரில்தான் நடக்கின்றன, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கொட்டகலை பழைய பேஸ்:

தம்பி, காசை எடுப்பதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

ஏ கம்பி மட்டும் துள்ளுகிறது, ஜி கம்பி மெலிகிறது என்றால் அதில் பாதி பிக்கப் உயரத்தால் வருவது. பழையதாக வாங்கிய கிட்டாரில் யாரோ எப்போதோ திருகிவிட்ட பிக்கப்தான் இன்னும் அப்படியே நிற்கும். ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்புக்கும் இடையில் எவ்வளவு என்று பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், ஜி கம்பிப் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் என்று ஆரம்பித்து, காதால் கேட்டுக் கேட்டு அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்புங்கள். கம்பி மாற்றி எவ்வளவு நாள்? மஸ்கெலியா, டிக்கோயாப் பனிக்கு இரும்புக் கம்பி எத்தனை மாதம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். செத்த கம்பிக்கு எந்தப் பெடலாலும் உயிர் கொடுக்க முடியாது.

இதைச் செய்த பிறகும் உங்களுக்குக் கம்ப்ரஸர் வேண்டும். விரலுக்கும் கட்டைவிரல் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்க்ரூ டிரைவர் தீர்க்காது. ஆகவே மேலே வாசியுங்கள்.

மஸ்கெலியாவில் அந்த சவுண்ட் அண்ணன் செய்தாரே, அதுதான் கம்ப்ரஸர். சத்தம் ஓங்கியதும் ஒரு கை ஃபேடரை இறக்குகிறது, அடங்கியதும் ஏற்றுகிறது. எந்த அளவு சத்தத்துக்கு மேல் கை வேலை செய்ய வேண்டும் என்பது த்ரெஷோல்ட். எவ்வளவு இறக்க வேண்டும் என்பது ரேஷியோ. எவ்வளவு சீக்கிரம் இறக்குவது அட்டாக், எவ்வளவு சீக்கிரம் பழையபடி ஏற்றுவது ரிலீஸ். அந்த அண்ணனுக்கு ஏற்ற மறந்துபோனது என்றீர்களே, ரிலீஸ் அளவுக்கு மீறி நீண்டால் பெடலும் அதையேதான் செய்யும்.

கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு கணக்கு. ரேஷியோ 4க்கு 1 என்று வைத்தால், த்ரெஷோல்டைத் தாண்டி 8 டெசிபெல் போகும் அடி 2 டெசிபெல் மட்டுமே தாண்டி வெளியே வரும். 6 டெசிபெல் அமுக்கப்படுகிறது. விரல் வாசிப்புக்கு இது தாராளம். 10க்கு 1, 20க்கு 1 என்று போனால் அது தடுப்புச் சுவர் மாதிரி, லிமிட்டர் என்று சொல்வது அதைத்தான்.

இனி நண்பனின் பெடலில் கனம் ஏன் போனது என்ற விஷயம். இதில் நானே அடிபட்டவன். 2009இல் என் முதல் கம்ப்ரஸரை வாங்கினேன், இரண்டே நாப். லயத்து வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, சின்ன ஆம்பில், ராத்திரி பதினொரு மணி வரை வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் உருண்டையாக, நீளமாக, அவ்வளவு அழகு. அடுத்த ஞாயிறு கலியாண மேடையில் ஏறினால் பேஸே இல்லை. சத்தம் இருந்தது, ஆனால் சுரம் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கீபோர்ட் வாசித்த மாமா திரும்பித் திரும்பிப் பார்த்தார், தாளம் பிந்துகிறது என்று நினைத்துக்கொண்டு. நான் பிந்தவே இல்லை. கம்பியில் விரல் படும் அந்த முதல் தட்டைப் பெடல் விழுங்கிவிட்டது. கூட்டத்துக்குள் பேஸ் கேட்பது அந்த முதல் தட்டால்தான். அட்டாக் கொஞ்சம் தாமதமாக இருந்தால் தட்டு வெளியே வந்த பிறகுதான் கை ஃபேடரை இறக்கும். அந்த மாதிரிப் பெடல்களில் அட்டாக் நாப்பே கிடையாது, கிட்டாருக்கு ஏற்றபடி உள்ளேயே கட்டிவைத்திருப்பார்கள்.

ரிலீஸ் பேஸ்காரருக்கு இன்னும் முக்கியம். ஈ கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. ஒரு அதிர்வுக்கு ஏறக்குறைய 24 மில்லிசெக்கன்ட். ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால், பெடல் சுரத்தின் அளவை விட்டுவிட்டு ஒவ்வொரு அதிர்வையும் தனித்தனியாகப் பிடித்து விடத் தொடங்கும். ஸ்பீக்கர் கிழிந்தது மாதிரி ஒரு கரகரப்பு வரும். மிக மெதுவாக வைத்தால், ஒரு பலமான அடிக்குப் பிறகு வரும் மூன்று நாலு மெல்லிய சுரங்கள் காணாமல் போகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அடிக்கு 500 மில்லிசெக்கன்ட், அரை அடிக்கு 250. அடுத்த சுரம் வருவதற்கு முன் கை பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டும். அதனால்தான் பேஸுக்கு வாங்கும் பெடலில் ரிலீஸ் நாப் இருந்தால் நல்லது என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் சொன்னவை. எல்எம்பி-3 பேஸுக்கென்றே வந்தது. லெவல், என்ஹான்ஸ், ரேஷியோ, த்ரெஷோல்ட் என்று நாலு நாப். உறுதியான பெடல், உங்கள் கட்டைவிரல் அடிக்கு நன்றாகத் தடுப்புப் போடும். ஆனால் அட்டாக்கும் ரிலீஸும் உங்கள் கையில் இல்லை, எவ்வளவு அமுக்குகிறது என்று காட்ட விளக்கும் இல்லை. என்ஹான்ஸ் நாப்பை ஏற்றினால் மேல் சத்தம் பளிச்சென்று வரும், கூடவே இரைச்சலும் வரும். அதைப் பாதிக்குக் கீழே வைத்துப் பழகுங்கள்.

பிசி-1எக்ஸில் லெவல், ரிலீஸ், ரேஷியோ, த்ரெஷோல்ட். அட்டாக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். நாப்களுடன் ஒரு வரிசை விளக்கும் உண்டு, எவ்வளவு அமுக்குகிறது என்று அது காட்டும். இந்த விளக்கு வெறும் அலங்காரம் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நண்பர் ஒருவரின் பிசி-1எக்ஸை ஒரு முறை ப்ராக்டிஸுக்குக் கொண்டுவந்து போட்டேன். திறந்த ஏ கம்பியை மெதுவாகத் தொட்டால் விளக்கு அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினால் ஒன்று எட்டிப் பார்த்தது. கட்டைவிரலால் அடித்தால் வரிசையாக ஓடி, அடுத்த அடிக்கு முன் திரும்பிவிட்டது. நான் எங்கே முரட்டுத்தனமாக வாசிக்கிறேன் என்று இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். முதல் தடவை கம்ப்ரஸர் வாங்குபவருக்கு அந்த விளக்கு ஒரு குரு மாதிரி. காது பழகும் வரை கண் கைகொடுக்கும்.

எம்87 இன்னும் ஒரு படி மேல். அட்டாக், ரிலீஸ், ரேஷியோ மூன்றும் உங்கள் கையில், விளக்கு பத்து. ரேஷியோ 4, 8, 12, 20 என்று நாலு படி. 1967இல் வந்த 1176 என்ற ஸ்டுடியோ கம்ப்ரஸரிலும் இதே நாலு படிதான். த்ரெஷோல்ட் நாப் இதில் கிடையாது, இன்புட்டை ஏற்ற ஏற்ற அமுக்கம் கூடும். கையில் காசு இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இதற்காகத் தைப்பொங்கல் வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்களுக்கு என் பதில் பிசி-1எக்ஸ், பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

எதை வாங்கினாலும் தனியாக வைத்துச் சரிபார்க்காதீர்கள். ஒக்டபேட்காரரைக் கிக் டிரம் அடிக்கச் சொல்லி, அதோடு சேர்த்து வாசித்துக் கேளுங்கள்.

தலவாக்கலை சவுண்ட்:

அண்ணன் சொன்னதெல்லாம் மேடைப் பக்கம். நான் மிக்சர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தம்பி, எப்போதும் அதே சவுண்ட் செட்டோடுதான் போகிறீர்களா? அப்படியானால் முதலில் அவரிடம் என்ன மிக்சர் என்று கேளுங்கள். எக்ஸ்32, எக்ஸ்ஆர்18 மாதிரி டிஜிட்டல் மிக்சராக இருந்தால் ஒவ்வொரு சேனலிலும் கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கிறது. யமஹா எம்ஜி வகைச் சின்ன மிக்சர்களில்கூடச் சில சேனல்களில் ஒரே ஒரு நாப்பில் கம்ப்ரஸர் வருகிறது. ஃபேடரோடு ஓடுவதைவிட அவர் அதைப் போட்டிருக்கலாம். ஊருக்கு ஊர் வேறு செட் என்றால் சொந்தப் பெடல்தான் நல்லது. நீங்கள் பெடல் போட்டால் அதை சவுண்ட்காரரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் பலமாக அமுக்கினால் பேஸ் மூச்சு வாங்குவது மாதிரிக் கேட்கும்.

இன்னொன்று. மண்டபத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் ‘ஊம்’ என்று நிறைந்து நின்றால் அதற்குக் கம்ப்ரஸர் மருந்தில்லை. கம்ப்ரஸருக்குக் கிட்டார் மட்டும்தான் கேட்கும், மண்டபம் கேட்காது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 7 மீட்டர் இருந்தால் 49 ஹெர்ட்ஸ் பக்கம் ஊதும். அது ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட், ஜி. தோட்டத்துக் கலியாண மண்டபங்கள் எல்லாம் சிமெந்துச் சுவர், தகரக் கூரை, திரைச்சீலைகூட இருக்காது. அங்கே ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த சத்தங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் இடம்) அந்த இடத்தை மட்டும் இறக்க வேண்டும், அல்லது பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். உங்கள் ஏ கம்பி வீட்டிலும் துள்ளுகிறதா, மண்டபத்தில் மட்டுமா என்று பாருங்கள். வீட்டில் ஹெட்போனிலும் துள்ளினால் கிட்டாரின் குறை.

கரண்ட் விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன ஜி சுரம் 49. கரண்டிலிருந்து ‘ஹம்’ என்ற ரீங்காரம் வந்தால் அது உங்கள் பாட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், பிரித்து எடுக்க முடியாது. கம்ப்ரஸரில் 6 டெசிபெல் அமுக்கிவிட்டு லெவலை 6 டெசிபெல் ஏற்றினால், வாசிக்காமல் நிற்கும் நேரத்தில் ஹம்மும் 6 டெசிபெல் ஏறி நிற்கும். நண்பனின் பெடலில் கேட்ட ‘உஸ்’ஸும் இப்படி ஏறியதுதான். கண்ட அடாப்டரைச் செருகாதீர்கள். 9 வோல்ட், நடு முள் நெகட்டிவ் என்று பெடலில் போட்டிருப்பதைப் பார்த்து அதற்கேற்ற நல்ல அடாப்டராக வாங்குங்கள். ஒரே அடாப்டரிலிருந்து வயரைக் கிளை பிரித்து டிஜிட்டல் பெடலுக்கும் மற்றதுக்கும் கொடுத்தால் சிலவேளை ‘கீ’ என்று ஒரு சத்தம் வரும். ஜெனரேட்டர் நிகழ்ச்சிகளில் எனக்குப் பிடித்தது 9 வோல்ட் பேட்டரிதான். இடைவேளையில் கேபிளைப் பெடலின் இன்புட்டிலிருந்து உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் வாசிக்காத நேரத்திலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஜாஸ் பேஸ் மாதிரி என்றீர்கள். அநேகமான அந்த வகைக் கிட்டார்களில் இரண்டு பிக்கப் வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ஹம் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் வரும். ஜெனரேட்டர் இரவுகளில் இரண்டையும் முழுதாகவே வைத்திருங்கள்.

பண்டாரவளை அக்கா:

நான் எங்கள் சபையில் ஆராதனைக்கு பேஸ் வாசிக்கிறேன். ஜூம் பி1 ஃபோர்தான் வைத்திருக்கிறேன், ஆகவே அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாலு டபிள்-ஏ பேட்டரியில் ஓடும். மின்வெட்டு மாதங்களில் அது பெரிய ஆறுதலாக இருந்தது. மண்டபமே இருட்டாக இருக்க, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஹெட்போன் போட்டுப் பாட்டுப் பழகினேன். டியூனர், தாளம், லூப்பர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஒரே நேரத்தில் ஐந்து எஃபெக்ட் வரை அடுக்கலாம். பெடல் எதுவுமே இல்லாத ஒருவருக்கு இது நல்ல தொடக்கம்.

ஆனால் உங்கள் தேவைக்கு ஒரு குறை இருக்கிறது. மேடையில் பாட்டு ஓடும்போது நாப்பைச் சட்டென்று திருப்ப முடியாது. எந்த எஃபெக்ட், எந்தப் பக்கம் என்று திரையில் தேட வேண்டும். நான் அதற்கு இரண்டு பேட்ச் (சேமித்து வைக்கும் செட்டிங்) செய்து வைத்திருக்கிறேன், ஒன்று மெதுவான பாட்டுக்கு, ஒன்று துதிப் பாட்டுக்கு. காலால் மாற்றுவேன். இரண்டுக்கும் சத்த அளவு ஒன்றுபோல் வருகிறதா என்று வீட்டில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒருமுறை நான் பார்க்காமல் போய், நன்றி ஜெபம் முடிந்து எல்லோரும் அமைதியாக இருந்த நேரத்தில் முதல் சுரமே இடி மாதிரி விழுந்தது. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. அன்றிலிருந்து சனிக்கிழமை ராத்திரியே இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

தம்பி, இன்னொரு விஷயம், இது எங்கள் ஊர்க் குளிருக்கு. வேனில் பின்னால் கிடந்து சில்லென்று போன கிட்டாரையும் பெடலையும் கூட்டம் நிறைந்த சூடான மண்டபத்துக்குள் கொண்டுபோனால் கம்பியிலும் இரும்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். போனதும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டு, அப்புறம் திறந்து உலர்ந்த துணியால் துடையுங்கள். என் பழைய பெடலின் நாப்கள் கரகரக்கத் தொடங்கியது இந்த ஈரத்தால்தான் என்று நினைக்கிறேன். பாவித்த பெடல் வாங்கும்போது ஒவ்வொரு நாப்பையும் முழுச் சுற்று திருப்பிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டிக்கோயா நாலுகம்பி:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணே, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். முன் பிக்கப்பின் தடித்த கம்பிப் பக்கம் கம்பியைத் தொட்டுவிடும் போல நின்றது, ஜி பக்கம் பள்ளத்தில் கிடந்தது. அளந்து, திருப்பி, திரும்ப வாசித்து இரண்டு மணி நேரம் போனது. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, “காலையிலிருந்து அதே ஒரு சுரத்தையே அடித்துக்கொண்டிருக்கிறாயே” என்றார். கம்பியும் மாற்றினேன், இரண்டு வருடமாக மாற்றவே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏ கம்பி துள்ளுவது முக்கால்வாசி நின்றுவிட்டது. சவுண்ட் அண்ணன் கேட்டபடி ஹெட்போனிலும் கேட்டேன். மிச்சமிருக்கும் துள்ளல் என் கையில்தான் இருக்கிறது. ஏ கம்பிக்கு வரும்போது விரல் தானாக அழுத்துகிறது.

அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். எல்எம்பி-3இல் த்ரெஷோல்ட் நாப்பைத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் சத்தமே விட்டுப்போகிறது. விற்பவர் நல்ல மனிதர், சுத்தம் செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்போது ஒரு சந்தேகம். கட்டைவிரல் அடிக்கும் விரல் வாசிப்புக்கும் ஒரே செட்டிங் போதுமா, ஒவ்வொரு பாட்டுக்கும் குனிந்து மாற்ற வேண்டுமா? அதோடு, டியூனர் முன்னாலா, பின்னாலா?

கொட்டகலை பழைய பேஸ்:

டியூனர் முன்னால், அடுத்தது கம்ப்ரஸர். டிரைவ், கோரஸ் மாதிரி வேறு எஃபெக்ட் பெடல் ஏதாவது பிற்காலத்தில் வாங்கினால் அவை கம்ப்ரஸருக்குப் பிறகு. முன்னால் டிரைவ் போட்டால் அதன் இரைச்சலையும் கம்ப்ரஸர் தூக்கிக் கொடுக்கும்.

ஒரே செட்டிங் போதும், இப்படிச் செய்யுங்கள். ரேஷியோவை 4க்கு 1 பக்கம் வையுங்கள். விரலால் நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பலத்தில் வாசித்துக்கொண்டே, விளக்கு ஒன்றிரண்டு மட்டும் எட்டிப் பார்க்கும் வரை த்ரெஷோல்டைத் திருப்புங்கள். இப்போது கட்டைவிரலால் அடியுங்கள். 6 டெசிபெல் அளவுக்கு அமுக்கினால் போதும். 10, 12 என்று ஓடினால் த்ரெஷோல்டைத் தொடாதீர்கள், கட்டைவிரலைக் கொஞ்சம் அடக்குங்கள். பெடல் உங்களுக்காக எல்லாவற்றையும் செய்யத் தொடங்கினால் கை கெட்டுவிடும். கடைசியில் பெடலைப் போட்டும் எடுத்தும் கேட்டு, இரண்டிலும் சத்தம் ஒரே அளவாக வரும்படி லெவலை வையுங்கள். சத்தம் கூடினால் எதுவும் நன்றாக இருப்பது போலத்தான் காதுக்குப் படும், அதை நம்பாதீர்கள். ரிலீஸை மட்டும் பாட்டுக்கு ஏற்றபடி தொடலாம். பைலாவுக்குக் கொஞ்சம் வேகம், மெலடிக்குக் கொஞ்சம் மெதுவாக.

பிசி-1எக்ஸ் வைத்திருக்கும் நண்பர் எம்87க்கு மாறப்போகிறார், பழையதைக் கொடுத்துவிட இருக்கிறார். ஞாயிறு பின்னேரம் கிட்டாரோடு கொட்டகலைக்கு வாருங்கள். முடிந்தால் ஒக்டபேட் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாசித்துப் பார்த்துப் பிடித்தால் பேசலாம்.

டிக்கோயா நாலுகம்பி:

எல்லோருக்கும் ஒரு சேதி. ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனோம். மழை கொட்டியதால் கிட்டாரை உர பேக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டு முன்னறையில் நண்பன் கிக் அடிக்க, நான் ஈ கம்பியில் ஒரே சுரத்தை வாசிக்க, அண்ணன் பெடலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரிலீஸ் நாப்பை மட்டும் மெதுவாகத் திருப்பினார். ஒரு இடத்தில் கரகரவென்றது. அங்கிருந்து கொஞ்சம் தள்ளியதும் கிக்கும் பேஸும் ஒரே ஆள் அடிப்பது போலச் சேர்ந்துகொண்டன. நண்பன் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். இன்னும் தள்ளியதும் இரண்டாம் சுரம் முங்கிப்போனது. அண்ணன் எழுதியதை நாலு தடவை வாசித்திருந்தேன், ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் விளங்கியது.

பெடலை வாங்கிவிட்டேன். என்னிடம் இருந்த காசிலேயே முடிந்தது, மிச்சத்தில் ஒரு நல்ல அடாப்டரும் இரண்டு பேட்டரியும். நேற்று பொகவந்தலாவையில் கலியாணம், அதே சவுண்ட் அண்ணன். முன்கூட்டியே அவரிடம் சொன்னேன், தன் பக்கம் எதுவும் போடவில்லை என்றார். மூன்று பைலா வாசித்தோம், அவர் கை என் ஃபேடர் பக்கம் போகவே இல்லை. ரிலீஸ் நாப்பைச் சுற்றி வெள்ளைப் பேனாவால் இரண்டு சின்னக் கோடு போட்டிருக்கிறேன். ஒன்று மெலடிக்கு, ஒன்று பைலாவுக்கு.